கிடப்பில் போடப்பட்ட ஜெர்மன் புத்தகம்

நெய்வேலியில் யாரிடமாவது 'ஜெர்மனி' என்று சொல்லிப் பாருங்கள். யோசிக்காமல் 'பக்கெட் வீல்' என்பார். சுரங்கம் தொடங்கிய காலத்தில் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கிய ராட்சச இயந்திரங்கள். மேல்மண்ணை வாளி வாளியாக வாரிப் பெல்ட்டில் கொட்ட, அடியில் பழுப்பு நிலக்கரி. இந்த ஊரின் சோறே அந்தச் சக்கரத்தோடுதான் சுற்ற ஆரம்பித்தது.

ஆனால் அதற்கு ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு முன்பே, ஜெர்மனியிலிருந்து இன்னொரு கனமான சரக்கு நம் கடற்கரையில் வந்து இறங்கியிருக்கிறது. பெட்டியில் ஈய எழுத்துக்கள். அதுவும் தமிழ் எழுத்துக்கள். இறங்கின இடம் ரொம்ப தூரமில்லை. வடலூர், சிதம்பரம், சீர்காழி, அப்புறம் அறுபதாம் கல்யாணத்துக்குப் பேர்போன திருக்கடையூர். அதைத் தாண்டினால் தரங்கம்பாடி.

இதைச் சொன்னதும் எங்கள் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான். ''தரங்கம்பாடின்னா டேனிஷ் கோட்டைதானே ஸார்? அங்க ஜெர்மன்காரன் எங்கேர்ந்து வந்தான்?''

நியாயமான கேள்வி. ஊர் டென்மார்க்குடையதுதான். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி, கோட்டை கட்டி, வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். டென்மார்க் ராஜா நான்காம் ஃபிரெடெரிக்குக்கு அங்கே பாதிரியார்களை அனுப்ப வேண்டும் என்று ஆசை. கிடைத்தவர்கள் ஜெர்மன்காரர்கள்: பர்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்ரிக் புளூட்ஷோ. 1706 ஜூலை 9-ம் தேதி வந்து இறங்கினார்கள். மறுநாள் சீகன்பால்குக்கு 24 வயது நிரம்பியது. நம்ம ஊரில் அந்த வயசில் எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச் கார்டைப் புதுப்பித்துக்கொண்டிருப்போம்.

ஆசாமி சும்மா இருக்கவில்லை. திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைப் பிடித்து, சின்னப் பையன்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் 'அ, ஆ' எழுதிப் பழகினார். அழகப்பன் என்கிற மொழிபெயர்ப்பாளரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். இரண்டே வருஷத்தில் தான் சேர்த்த தமிழ்ப் புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் போட்டார். 1708-ல் எழுதிய அந்தப் பட்டியலில் 119 தமிழ் நூல்கள். எல்லாம் ஓலைச்சுவடி. இன்றைக்கு நம் வீட்டு அலமாரியில் எத்தனை தேறும் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்தப் போவதில்லை.

அவர் ஊருக்கு எழுதிய கடிதங்கள்தான் நம்ம கதைக்கு முக்கியம்.

இந்த இடத்தில் ஜெர்மன் பத்திரிகை உலகம் பற்றி ரெண்டு வரி. மைன்ஸ் நகரத்தில் 1450-களில் குட்டன்பர்க் பைபிள் அச்சடித்தது எல்லாருக்கும் தெரியும். உலகத்தின் முதல் செய்தித்தாள் என்று சொல்லப்படுவதும் ஜெர்மன் மொழியில்தான். 1605-ல் ஸ்ட்ராஸ்பர்கில் யோஹான் கரோலஸ் என்பவர் கொண்டுவந்தார். முதல் தினசரி 1650-ல் லைப்சிக் நகரத்தில். வாரத்தில் ஆறு நாள், நம்ம ஜெனரல் ஷிஃப்ட் மாதிரி. ஆக, அச்சில் வருவதைப் படிக்கிற பழக்கம் அந்த ஜனங்களுக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது.

லைப்சிக்கிற்குப் பக்கத்தில் ஹாலே என்று ஓர் ஊர். அங்கே ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்கிற பாதிரியார் அனாதை இல்லம் நடத்தினார். அனாதை இல்லம் என்றால் நாலு ரூம், ஒரு சமையல்கட்டு என்று நினைக்காதீர்கள். பள்ளிக்கூடங்கள், மருந்துக் கடை, சொந்த அச்சகம், சொந்தப் புத்தகக் கடை. 1710-ல் அங்கே தொடங்கிய பைபிள் நிறுவனம் ஒரு தந்திரம் செய்தது. எழுத்துக் கோத்த பக்கங்களைக் கலைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, வேண்டும்போதெல்லாம் அச்சடித்தது. கோக்கிற கூலி மிச்சம். புத்தகம் மலிவு.

அதே 1710-ல் சீகன்பால்கின் கடிதங்களைத் தொகுத்து ஃபிராங்கே ஒரு வெளியீடு தொடங்கினார். 'ஹாலே அறிக்கைகள்' என்று சரித்திரத்தில் பெயர். 1772 வரை 108 பாகங்கள். அப்புறம் புதிய வரிசை 1848 வரைக்கும். நினைத்துப் பாருங்கள். காவிரிக் கரை விசேஷங்களும், தரங்கம்பாடிச் சந்தை வம்பும், நம் ஆட்களோடு கோயில் வாசலில் நடந்த வாக்குவாதமும், பனி கொட்டுகிற ஊரில் கணப்புப் பக்கம் உட்கார்ந்த ஜெர்மன்காரர்களால் தொடர்கதை மாதிரிப் படிக்கப்பட்டன. தமிழில் ஒரு பத்திரிகை வருவதற்கு நூறு வருஷத்துக்கும் மேல் முன்பே, தமிழ்நாட்டைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு பத்திரிகை!

எதற்காக? பரோபகாரம் மட்டுமில்லை. படித்தவர்கள் உருகி நன்கொடை அனுப்ப வேண்டும். அனுப்பினார்கள்.

இதற்குள் 1709-லேயே அந்தக் கடிதங்கள் லண்டனில் இங்கிலீஷில் வந்துவிட்டன. படித்த ஒரு கிறிஸ்தவ சங்கம், 'பாவம், அங்கே பிரஸ் இல்லையாமே' என்று அச்சு இயந்திரத்தையே கப்பலேற்றியது. அந்தக் கப்பலை பிரேசில் கடலோரத்தில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பிரஸ் எப்படியோ தப்பியது. கூட வந்த அச்சுத் தொழிலாளி வழியிலேயே செத்துப்போனார். 1712-ல் இயந்திரம் வந்து சேர்ந்தபோது ஓட்ட ஆளில்லை. விசாரித்ததில், தரங்கம்பாடிக் கோட்டைச் சிப்பாய் ஒருவருக்கு அச்சு வேலை தெரியும் என்று கண்டுபிடித்தார்கள். எந்த ஆபீஸிலும் இப்படி ஒருவர் இருப்பார். போஸ்ட் ஒன்று, தெரிந்த வேலை வேறொன்று.

தமிழ் எழுத்துக்கு என்ன செய்வது? எழுத்தின் வடிவங்களைக் காகிதத்தில் வரைந்து ஹாலேக்கு அனுப்பினார்கள். தமிழ் ஒரு அட்சரம் தெரியாத ஜெர்மன் ஆட்கள் படத்தைப் பார்த்து ஈயத்தில் வார்த்தார்கள். 1713-ல் ஆட்லர் என்கிற அச்சுக்காரர் அவற்றோடு வந்து சேர்ந்தார். எழுத்து ஜோர். ஆனால் சைஸ் ரொம்பப் பெரிசு. அந்த எழுத்தில் பைபிள் அச்சடித்தால் இருக்கிற காகிதம் எந்த மூலைக்கு? ஆட்லர் உள்ளூரிலேயே சின்ன எழுத்துக்கள் வார்த்தார். ஈயத்துக்கு எங்கே போனார்? இங்கிலாந்திலிருந்து பரிசாக வந்த பாலாடைக் கட்டிகளை மூடியிருந்த ஈயத் தகட்டை உருக்கினார் என்று மிஷன் சரித்திரம் சொல்கிறது. 1714-15-ல் தமிழ் புதிய ஏற்பாடு அச்சேறியது. பக்கத்துப் பொறையாரில் காகித ஆலைகூட வைத்துப் பார்த்தார்கள்.

(தமிழில் முதல் அச்சு இதுதான் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 1578-லேயே கொல்லத்தில் போர்ச்சுகல் பாதிரியார் அன்றீக்கே அன்றீக்கசு 16 பக்கத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டாயிற்று. அப்புறம் தமிழ் அச்சு பெரும்பாலும் தூங்கிப் போயிற்று. எழுப்பிவிட்டது தரங்கம்பாடி.)

இதுவரை எல்லாம் சுபம். இனிமேல்தான் சங்கதி.

1713-ல் ஹாலே எழுத்தில் தரங்கம்பாடியில் அச்சான சின்னப் புத்தகம் ஒன்று உண்டு. 'அக்கியானம்' எவ்வளவு அருவருக்கத்தக்கது என்று தமிழர்களுக்கு உபதேசம். அதாவது உங்கள் சாமி, உங்கள் பூஜை எல்லாம் தப்பு. எழுதியவர் சீகன்பால்க்.

அதே 1713-ல் அதே மனுஷன், அதே மேஜையில், ஜெர்மன் மொழியில் இன்னொரு புத்தகம் எழுதி முடித்தார். 'மலபார் தெய்வங்களின் வம்சாவளி.' அந்த நாளில் ஐரோப்பியர்கள் தமிழர்களை 'மலபாரிகள்' என்றார்கள். சிவன், விஷ்ணு, பிரம்மாவிலிருந்து ஐயனார், மாரியம்மன், பிடாரி வரைக்கும் யார் யார், எந்தக் கோயில், என்ன விசேஷம் என்று வரிசையாக விவரம். கேள்விப்பட்டதை வைத்து அளக்கவில்லை. நம் நூல்களைப் படித்தும், நம் ஆட்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டும் சேகரித்தது.

அவர் மத விஷயத்தில் மாறிவிட்டார் என்று அர்த்தமில்லை. கடைசிவரை மதம் மாற்ற வந்த பாதிரியார்தான். ஆனால் ஜனங்களைப் பற்றின அபிப்பிராயம் மாறிவிட்டது. 1708-லேயே நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். ஐரோப்பாவில் தமிழர்களைக் காட்டுமிராண்டிகள் என்று நினைக்கிறார்கள், மொழி தெரியாததால் வந்த வினை அது, நானும் அப்படி நினைத்துத்தான் வந்தேன், இவர்கள் புத்தகங்களைப் படித்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது என்கிற கருத்தை அதன் முன்னுரையில் சொல்லியிருக்கிறார். வெள்ளைக்காரர் ஒருவர் 1708-ல் இதை எழுதினார் என்பது சாதாரணமில்லை.

அந்த வம்சாவளிப் புத்தகத்தை ஆசையாக ஹாலேக்கு அனுப்பினார். ஃபிராங்கே படித்தார். உங்களை அங்கே அனுப்பினது அந்த மதத்தை வேரோடு பிடுங்கத்தான், அந்தக் கதைகளை ஐரோப்பாவில் பரப்ப இல்லை என்கிற தோரணையில் பதில்.

அவ்வளவுதான். ஃபைல் க்ளோஸ்.

எங்கள் செக்‌ஷன் சூப்பரிண்டெண்ட் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, ''ஓரத்துல 'பேசவும்'னு ஒரு வரியாவது எழுதியிருக்கலாமேய்யா'' என்றார். 'பேசவும்' என்று எழுதி வந்த ஃபைலுக்கு உயிர் உண்டு. கையில் எடுத்துக்கொண்டு போய், வழிந்து, விளக்கி, எதையாவது செய்து கையெழுத்து வாங்கிவிடலாம். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கிற சீகன்பால்க் எங்கே போய்ப் பேசுவார்?

ஃபிராங்கேயை ஒரேயடியாக வில்லனாக்கவும் எனக்கு மனசில்லை. அவர் நிலைமையில் நின்று பாருங்கள். பணம் அனுப்புகிறவர்கள் பக்திமான்கள். அவர்கள் எதிர்பார்த்தது 'இருட்டில் தவிக்கும் ஜனங்கள்'. அந்த ஜனங்களிடம் இலக்கணம் இருக்கிறது, நீதி நூல் இருக்கிறது, நம்மை விட ஒழுக்கமாகவே சிலர் வாழ்கிறார்கள் என்று புத்தகம் போட்டால், மணியார்டர் நின்றுவிடாதா? ஆகவே கடிதங்களும் டைரிகளும் வெட்டித் திருத்தித்தான் அச்சுக்குப் போயின. சந்தா கட்டுகிறவர் முகத்தைப் பார்த்துப் பக்கம் போடாத பத்திரிகை உலகத்தில் ரொம்பக் குறைவு. (இந்த வரியை ஆசிரியர் அடிக்காமல் விட்டிருந்தால் நம் பத்திரிகை அந்தக் குறைவில் ஒன்று.)

ஆனாலும் ஒரு வேடிக்கை நடந்தது. 'தமிழர் கடிதங்கள்' என்று 99 கடிதங்களை அதே ஹாலே அறிக்கைகளில் 1714-லும் 1717-லும் போட்டார்கள். சீகன்பால்க் கோஷ்டி கேள்வி கேட்க, நம் ஆட்கள் பதில் எழுத, அதை ஜெர்மனில் பெயர்த்தது. எழுதியவர்கள் பெயர் கிடையாது. நிறையக் கடிதங்களுக்குப் பின்னால் அழகப்பன் இருந்தார் என்பது இந்தக் காலத்து ஆராய்ச்சியாளர்கள் முடிவு. 'கிறிஸ்தவ மதத்தை உங்கள் ஜனங்கள் ஏன் விரும்புவதில்லை?' என்ற கேள்விக்கு விழுந்த பதில்: பசுவைக் கொன்று தின்கிறீர்கள், காலைக்கடன் முடித்தால் கழுவுவதில்லை, குடிக்கிறீர்கள்!

ஜெர்மன் வீடுகளில் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இதை உரக்கப் படித்திருப்பார்களா, மனசுக்குள் படித்திருப்பார்களா தெரியவில்லை. ஆசிரியர் ஏன் விட்டார்? 'பாருங்கள், நாம் திருந்த வேண்டும்' என்று பக்திமான்களுக்கு உபதேசிக்க அது உபயோகப்பட்டது. திட்டு வாங்கினால்கூட உபயோகமான திட்டாக இருக்க வேண்டும்.

சீகன்பால்க் 1719 பிப்ரவரி 23-ம் தேதி காலமானார். வயசு 36. தான் கட்டின புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம். ஆலயம் தரங்கம்பாடியில் இன்றைக்கும் இருக்கிறது. வம்சாவளிப் புத்தகம் அலமாரியில் இருந்தது. ஃபிராங்கே 1727-ல் போனார். புத்தகம் அலமாரியிலேயே. டென்மார்க்காரர்கள் 1845-ல் தரங்கம்பாடியை இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். புத்தகம் அசையவில்லை.

1867-ல்தான் விடிவு. வில்ஹெல்ம் கெர்மன் என்கிற ஜெர்மன் பாதிரியார் அதைத் தூசி தட்டி, சீகன்பால்க் பெயர் போட்டு அச்சிட்டார். எங்கே? லைப்சிக்கில் இல்லை, பெர்லினில் இல்லை. மெட்ராஸ் வேப்பேரியில்! சூளை, புரசைவாக்கம் என்று நாம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற அதே பிராந்தியத்தில் ஒரு ஜெர்மன் புத்தகம் எழுத்துக் கோக்கப்பட்டு வெளிவந்தது. வேப்பேரி அச்சுத் தொழிலுக்கும் ஒரு பூர்வ கதை உண்டு. 1761-ல் இங்கிலீஷ் படை பாண்டிச்சேரியைப் பிடித்தபோது பிரெஞ்சு கவர்னர் மாளிகையில் இருந்த பிரஸ்ஸைத் தூக்கி வந்து, ஃபப்ரிசியஸ் என்கிற ஜெர்மன் பாதிரியாரிடம் கொடுத்தார்கள். அகராதி போட்டாரே, அந்த ஃபப்ரிசியஸ்தான். முதலில் பிரெஞ்சுக்காரன் பிடித்த பிரஸ், அப்புறம் பிரெஞ்சுக்காரனிடமிருந்து பிடித்த பிரஸ். கணக்கு நேராகிவிட்டது.

1713-லிருந்து 1867. மொத்தம் 154 வருஷம் பெண்டிங்.

அந்த 1867 ஒரு மாதிரியான வருஷம். லைப்சிக்கில் ரெக்லாம் என்ற பதிப்பாளர் ஏழைகளும் வாங்கக்கூடிய மலிவுப் பதிப்பு வரிசையை அந்த வருஷம்தான் தொடங்கினார். முதல் புத்தகம் கதேயின் 'ஃபாஸ்ட்'. நமக்குப் பக்கத்தில் வடலூரில் வள்ளலார் தருமசாலையின் அடுப்பை மூட்டியதும் 1867. திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் அச்சில் வந்ததும் 1867. அச்சில் கொண்டுவர வள்ளலாருக்கு ஆசையே இல்லை. அன்பர்கள் விடாமல் கெஞ்சிச் சம்மதம் வாங்கினார்கள். அச்சாக ஆசைப்பட்டவர் புத்தகமும், ஆசைப்படாதவர் புத்தகமும் ஒரே வருஷத்தில் வெளிவந்தன.

154 வருஷம்தான் ரெக்கார்டு என்று நினைத்தால் அதுவும் இல்லை. தமிழர் சமயம் பற்றி 1711-ல் சீகன்பால்க் எழுதிய இன்னொரு பெரிய புத்தகம் 1926-ல்தான் ஆம்ஸ்டர்டாமில் வந்தது. 1708-ல் மொழிபெயர்த்த அந்தக் கொன்றை வேந்தன், நீதிவெண்பா, உலகநீதி? 1930. அதற்கு மட்டும் 222 வருஷம். இதற்குள் அவருக்குப் பின்னால் தரங்கம்பாடிக்கு வந்த கெம்மரர் என்பவர் திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்து 1803-ல் நியூரம்பர்கில் புத்தகமாகவே போட்டுவிட்டார். நம்ம ஆபீஸ் சமாசாரம்தான். சீனியர் அனுப்பின பேப்பர் கிடப்பில் இருக்க, பின்னால் வந்தவர் கொடுத்தது கையெழுத்தாகிவிடும்.

இதில் நஷ்டம் யாருக்கு? சீகன்பால்குக்கு என்றால் அவர் ஒருத்தர். ஜெர்மனியின் நான்கைந்து தலைமுறைகளுக்கு நம்மைப் பற்றிக் கிடைத்தது பாதிச் சித்திரம். கிடைத்த பாதி பொய் என்று சொல்ல மாட்டேன். கிடைக்காத பாதியில்தான் கொன்றை வேந்தன் இருந்தது. நூறு பாகம் அச்சடித்த பத்திரிகைக்கு ஒரு ஔவையாருக்கு இடமில்லை.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஃபிராங்கே புத்தகத்தை நிராகரித்தார், அடுப்பில் போடவில்லை. ஹாலேயில் அனுப்பினவர் பெயர், வந்த தேதி என்று காகிதங்களை ஒழுங்காகக் கட்டி வைத்தார்கள். அதனால்தான் பின்னால் வந்தவர்கள் தேடி எடுக்க முடிந்தது. இன்றைக்கு ஹாலே ஆவணக் காப்பகத்தில் நம் ஓலைச்சுவடிகள்கூட பத்திரமாக இருக்கின்றன. நம்ம பக்கம் என்ன நடந்தது? கரிவலம்வந்தநல்லூரில் சுவடி தேடிப் போன உ.வே.சாமிநாதையரிடம், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம் என்று பக்தி சிரத்தையாகச் சொன்னார்களாம். 'என் சரித்திர'த்தில் வயிறெரிந்து எழுதியிருக்கிறார். பிடிக்காத புத்தகத்தை ஜெர்மன்காரன் பத்திரப்படுத்தினான். பிடித்த ஏட்டை நாம் மரியாதையாக எரித்தோம்.

ஹாலே பற்றி நெய்வேலிக்காரர்களுக்கு ஒரு உபரித் தகவல். ஹாலேயும் லைப்சிக்கும், அதாவது ஜெர்மன் புத்தகத் தொழிலின் தாய்வீடே, உட்கார்ந்திருப்பது பழுப்பு நிலக்கரி பூமியில். ஹாலேக்குத் தெற்கே கைசல்டால் என்ற பள்ளத்தாக்கில் பெரிய பெரிய திறந்தவெளிச் சுரங்கங்கள் இருந்தன. 1993-ல் வேலை முடிந்தது. பள்ளத்தில் தண்ணீர் விட்டு, 2011 வாக்கில் ஏரியாக்கிவிட்டார்கள். இப்போது படகு விடுகிறார்கள். அங்கே கரி தீர்ந்துவிட்டது. அலமாரிக் காகிதம் மட்டும் தீரவில்லை. இன்னும் யாராவது ஒருவர் வந்து எதையாவது தோண்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

எங்கள் சூப்பரிண்டெண்ட்டுக்கு வரும் ஜூனில் ரிட்டயர்மெண்ட். மேஜையைக் காலி செய்துகொண்டிருக்கிறார். போன வாரம் ஒரு கட்டுப் பேப்பரைக் காட்டி, ''எல்லாம் மேலேர்ந்து திருப்பின நோட்டு. கிழிச்சிடலாமா?'' என்று பையனைக் கேட்டார்.

''வேண்டாம் ஸார். நூலைப் போட்டுக் கட்டி, மேலே தேதி எழுதி வெச்சிடறேன்'' என்றான். ''2180 வாக்கில யாராவது கேப்பாங்க.''